கேக்குற டபுளும் அடிக்கிற டபுளும்

சீட்டுக்கட்டை வீட்டுக்குள்ள கொண்டு வந்தா எங்க அம்மா விளக்குமாத்தை எடுத்துடும். அம்மா மேல தப்பு சொல்ல முடியாது. எங்க ஊர்ப்பக்கம் சீட்டுன்னா மூணு சீட்டு. அதுல கிணத்தோட சேத்து நிலத்தை விட்டவங்க கதையைக் கேட்டு வளர்ந்தது அது. "சீட்டைத் தொட்ட கை சோத்தைத் தொடாது"ன்னு சின்ன வயசுல எங்களை மிரட்டி வச்சிருந்தது.

ஆனா எல்லா சீட்டும் ஒண்ணு இல்ல. 1967லயே சுப்ரீம் கோர்ட்டு ஆந்திராவுல இருந்து வந்த ஒரு ரம்மி வழக்குல இதைப் பிரிச்சுச் சொல்லிருக்கு. மூணு சீட்டு மாதிரி முழுக்க அதிர்ஷ்டத்துல போற ஆட்டம் வேற, ரம்மி மாதிரி மூளையைப் போட்டு ஆடுறது வேறன்னு. அந்தத் தீர்ப்புலயே பிரிட்ஜ் ஆட்டத்தையும் உதாரணத்துக்குச் சொல்லிருக்காங்க. காசு வச்சு ஆடுற ரம்மியில ஆட்டம் நடத்துற வீட்டுக்காரனோ கிளப்போ லாபம் பாத்தா கதை மாறிடும், அதுவும் அதுல இருக்கு. நான் எழுதப்போறது காசில்லாம ஆடுற ஆட்டத்தைப் பத்தி. ஆனாலும் அதுல எனக்கு ஒரு நஷ்டக்கணக்கு இருக்கு. அதைத்தான் சொல்ல வரேன்.

எங்க செட்டு முதல்ல ஆடினது இருபத்தெட்டு. தறிக்கார நண்பர்கள்கிட்ட இருந்து கத்துக்கிட்டது. கண்ணமங்கலம், ஆரணி பக்கமெல்லாம் பட்டுத் தறி. தறிக்காரங்களுக்குப் பாவு வர நாளாகும், எங்களுக்கு நாத்து விட்டு நடவு வரைக்கும் ஒரு இடைவெளி இருக்கும். அந்த ரெண்டு சும்மா நேரமும் ஒண்ணா வர்ற நாள்ல, என் பம்புசெட்டு ரூமுக்கு வெளிய புங்கமரத்தடியில நாலு பேர் உக்காந்துடுவோம்.

இருபத்தெட்டுல ஏழுல இருந்து ஆஸ் வரைக்கும் 32 சீட்டுதான். ஜாக்கிக்கு 3, ஒம்பதுக்கு 2, ஆஸுக்கு 1, பத்துக்கு 1. ஒரு ஜாதிக்கு ஏழு, நாலு ஜாதிக்கு இருபத்தெட்டு. எதிரும் புதிருமா உக்காந்தவங்க ஜோடி. பதினாலுல இருந்து கேள்வி ஆரம்பிக்கும். யார் அதிகமா கேக்கறாங்களோ அவங்க துருப்பைக் கவுத்து வைப்பாங்க. கேட்டதை எடுக்க மாட்டான்னு தோணினா எதிர்க்கட்சி "டபுள்"னு அடிப்பான். எடுத்துடுவேன்னு தைரியம் இருந்தா இவன் திருப்பி "ரீடபுள்"னு அடிப்பான். டபுள்னா எங்களுக்குத் தெரிஞ்ச அர்த்தம் அது ஒண்ணுதான். "உன்னால முடியாது, பாத்துடலாம் வா." சொல்லும்போதே தொடையைத் தட்டிக்கிட்டுத்தான் சொல்லுவோம்.

பிரிட்ஜைக் கொண்டாந்தவர் சுபேதார். எங்களுக்குப் பக்கத்துல கம்மவான்பேட்டைன்னு ஊர் இருக்கு. பேப்பர்ல ராணுவ கிராமம்னு எழுதுவாங்க, படிச்சிருப்பீங்க. வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாளத்துக்குப் போன ஊர். அந்த ஊர்க்காரர். எங்க பக்கம் பொண்ணு கட்டி, ரிட்டயர் ஆனதும் இங்கயே நிலம் வாங்கிட்டாரு. வடக்க எங்கயோ பனிப்பிரதேசத்துல வேலை பாத்தப்ப ஆபீசருங்க ஆட்டத்துக்கு நாலாவது ஆள் இல்லாத ராத்திரியில இவரைக் கூப்பிட்டு உக்கார வச்சுக் கத்துக்கொடுத்தாங்களாம். "துப்பாக்கி சுடக் கத்துக்கிட்டதை விட இதைக் கத்துக்க எனக்கு நாளாச்சு"ம்பாரு.

2018 செப்டம்பர்ல ஒரு நாள் காலையில பேப்பரை மடிச்சுக்கிட்டு வேகமா வந்தாரு. ஜகார்த்தா ஆசிய விளையாட்டுல பிரிட்ஜ் ஜோடி ஆட்டத்துல இந்தியாவுக்குத் தங்கம். ஜெயிச்சவங்க பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார். ஒருத்தருக்கு வயசு 60, இன்னொருத்தருக்கு 56. "பாத்தியா? நம்ம வயசுல தங்கம் வாங்கிருக்கான். நீ என்னடான்னா இன்னும் ஜாக்கிக்கு மூணு, ஜாக்கிக்கு மூணுன்னு உக்காந்திருக்கே"ன்னாரு. அன்னைக்கு ஆரம்பிச்சது.

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன். 52 சீட்டும் ஆட்டத்துல உண்டு, ஆளுக்கு 13. அதனால மொத்தம் 13 பிடி. கேள்வி கேக்கும்போது ஒரு நம்பரும் ஒரு ஜாதியும் சொல்லணும். நம்பரோட ஆறைக் கூட்டிக்கணும். "ரெண்டு இஸ்பேட்"னா, இஸ்பேட் துருப்பு, எட்டு பிடி எடுத்துக்காட்டறேன்னு அர்த்தம். ஜாதியில சின்னது கிளாவர், அப்புறம் டைமன், ஆட்டின், இஸ்பேட். எல்லாத்துக்கும் மேல துருப்பே இல்லாத ஆட்டம், நோ ட்ரம்ப். சொன்னதை எடுத்தா நமக்குப் புள்ளி, எடுக்கலைன்னா எதிராளிக்குப் புள்ளி. இப்ப உலகம் ஆடுற கணக்கை வாண்டர்பில்ட்னு ஒரு அமெரிக்கப் பணக்காரர் 1925ல கப்பல் பயணத்துல உக்காந்து போட்டாராம். கையைப் பாத்துப் பலம் போட ஆஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1. ஒரு கட்டுல மொத்தம் 40. பன்னெண்டு பதிமூணு இருந்தா வாயைத் திறக்கலாம்.

இதெல்லாம் எங்களுக்கு ஒரு மாசத்துல வந்துடுச்சு. வராதது டபுள்.

முதல் வாரமே சண்டை. எதிர்ல வாத்தியார் (ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், எங்க செட்டுல நாலாவது ஆள்) "ஒரு ஆட்டின்"னு ஆரம்பிச்சாரு. என் ஜோடி சுபேதார் உடனே "டபுள்"னாரு. எனக்குக் குஷியாயிடுச்சு. சுபேதார் கையில ஆட்டின் குமிஞ்சு கிடக்கு, வாத்தியாரை அடிக்கப்போறாருன்னு நினைச்சு "பாஸ்"னு சொல்லிட்டு தொடையைத் தட்டினேன். சீட்டு இறங்கினப்புறம் பாத்தா சுபேதார் கையில ஒரே ஒரு ஆட்டின். வாத்தியார் சிரிச்சுக்கிட்டே பிடி பிடியா அடுக்கினாரு. சுபேதார் என்னைப் பாத்த பார்வையில நான் கோர்ட் மார்ஷல் ஆயிட்டேன்.

அப்புறம் பொறுமையா சொல்லிக்கொடுத்தாரு. எதிராளி ஒரு ஆட்டின்னு சொன்னதும், என்கிட்ட ஆட்டினே நாலு அஞ்சு இருந்தாலும் அடிக்கறதுல பெருசா லாபம் இல்ல. ஒரு ஆட்டின்னா அவன் ஏழு பிடி எடுத்தாப் போதும், அதைத் தோக்கடிக்கறது கஷ்டம். அப்ப அந்த இடத்துல டபுள்ங்கற வார்த்தை வீணாக் கிடக்கு. அதனால நூறு வருஷத்துக்கு முன்னாடியே விவரமான ஆளுங்க அதுக்கு வேற வேலை கொடுத்துட்டாங்க. "என் கையில பலம் இருக்கு. அவன் சொன்ன ஜாதி மட்டும் எனக்குக் கம்மி. மிச்ச மூணும் இருக்கு. அதுல எது உனக்கு ஒத்து வரும்னு நீ சொல்லு." இவ்வளவு பெரிய பேச்சை ஒரே வார்த்தையில அடக்கிட்டாங்க.

நாங்க அதுக்குக் கேக்குற டபுள்னு பேர் வச்சோம். மத்தது அடிக்கிற டபுள்.

எது எதுன்னு எப்படித் தெரியும்? சுபேதார் கொடுத்த கணக்கு இது. ஆரம்பத்துலயே, கீழ்ப்படியில, ஒரு ஜாதியைச் சொன்னதுக்கு மேல, உன் ஜோடி இன்னும் வாயே திறக்காதப்ப வந்தா அது கேக்குற டபுள். நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சப்புறம், எதிராளி நாலு, அஞ்சுன்னு உச்சியில ஏறி நிக்கறப்ப வந்தா அடிக்கிற டபுள். ஒரு நோ ட்ரம்ப் மேல வந்தாலும் பெரும்பாலும் அடிதான். நடுவுல இன்னொண்ணு இருக்கு. நம்ம ஜோடி "ஒரு டைமன்"னு திறந்து, எதிராளி "ஒரு இஸ்பேட்"னு குறுக்க விழுந்தா, அப்ப நான் சொல்ற டபுளும் கேக்குறதுதான். "எனக்கு ஆட்டின் நாலு இருக்கு, ஆனா ரெண்டு ஆட்டின்னு எழுந்து நிக்கற பலம் இல்ல"ன்னு அர்த்தம். ஆல்வின் ராத்னு ஒரு அமெரிக்க ஆட்டக்காரர் 1957 வாக்குல இதைப் பரப்பினாராம். அந்த வருஷம்தான் ரஷ்யாக்காரன் ஸ்புட்னிக் விட்டான். அதனால இதுக்கு ஸ்புட்னிக் டபுள்னே பேர் வந்துடுச்சு.

பெரிய போட்டியில வாயால சொல்றதே கிடையாது. பெட்டியில அட்டை வச்சிருப்பாங்க. பாஸுக்குப் பச்சை, டபுளுக்கு சிவப்பு அட்டை, ரீடபுளுக்கு நீலம். குரல்ல கோவம் தெரிஞ்சா, சந்தோஷம் தெரிஞ்சா, ஜோடிக்கு சாடை காட்டின மாதிரி ஆயிடும்ல, அதுக்குத்தான். ஜோடிக்குள்ள என்ன ஒப்பந்தம்னு எதிராளி கேட்டா மறைக்காம சொல்லணுமாம். எங்க இருபத்தெட்டுல மூக்கைச் சொறிஞ்சா ஒரு ஜாதி, காதைச் சொறிஞ்சா ஒரு ஜாதி. எங்களுக்கு இந்த நேர்மை பழக ரொம்ப நாளாச்சு.

கேக்குற டபுள்ல மனசுல தங்கின விஷயம் ஒண்ணு இருக்கு. ஜோடி கேட்டா, நடுவுல இருக்கறவன் பாஸ் சொல்லிட்டா, நான் பதில் சொல்லியே ஆகணும். என் கையில ஒரு புள்ளி இல்லாட்டியும் சொல்லணும். இருக்கறதுலயே நீளமான ஜாதி எதுவோ அதைச் சொல்லணும். பலம் இருந்தா தாவிச் சொல்லலாம், இல்லைன்னா கீழ்ப்படியில சொல்லலாம், ஆனா சும்மா இருக்கக் கூடாது.

"ஒண்ணுமே இல்லாம எப்படி சார் பேசறது? பாஸ்தான் பத்திரம்"னு கேட்டேன்.

"ஒண்ணுமில்லாதவன்தான்யா கட்டாயம் பேசணும்"னாரு. "எதிராளி சொன்ன ஜாதியில உன் கையில அஞ்சு ஆறு நல்ல சீட்டு இருந்தா பாஸ் சொல்லு, அது அடியா மாறும், அடிக்கலாம். கை காலியா இருக்கும்போது பாஸ் சொன்னா, கேள்வியா வந்ததை நீ தண்டனையா மாத்திடறே. அவன் ஜெயிச்சுடுவான், புள்ளி ரெட்டிப்பாப் போகும். உன்னைக் கேட்டவன்தான் அடி வாங்குவான்."

போட்டிக் கேள்வி பத்தியும் சொல்லணும். ரெண்டு ஜோடியும் விடாம ஏறிக்கிட்டே போறது. எங்களுக்கு ஏலம் பழக்கம். பஞ்சாயத்துல புளியமர மகசூல் ஏலம் விடுவாங்க. சில பேர் எடுக்கற எண்ணமே இல்லாம ஏத்தி விட்டுட்டு, சரியான இடத்துல ஒதுங்கிடுவான். எடுத்தவன் உலுக்கிப் பாத்தப்புறம்தான் தெரியும் கூலிக்குக் கூடக் காணாதுன்னு. பிரிட்ஜ்லயும் அது உண்டு. அவன் ரெண்டு ஆட்டின்ல சுகமா உக்காந்திருப்பான். நாம ரெண்டு இஸ்பேட்னு ஒரு தட்டு தட்டினா மூணுக்குப் போவான், அங்க மாட்டுவான். எங்க ஒதுங்கறதுன்னு தெரியணும், அதுதான் வித்தை. வெர்ன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் 1969ல ஒரு பத்திரிகையில இதுக்குக் கணக்கு எழுதினாரு. ரெண்டு பேர் கையிலயும் சேத்து நம்ம துருப்பு எத்தனை இருக்கோ அத்தனை பிடி வரைக்கும் போகலாம்னு அதை ஆட்டக்காரங்க சுருக்கி வச்சிருக்காங்க. எட்டு இருந்தா எட்டு பிடி, அதாவது ரெண்டாம் படி. ஒம்பது இருந்தா மூணாம் படி. எப்பவும் பலிக்காது. ஆனா ஆத்திரத்துல ஏறிக்கிட்டே போறவனுக்கு இது மூக்கணாங்கயிறு.

தோப்போம்னு தெரிஞ்சே கேக்கறதும் உண்டு. அவன் நாலு ஆட்டின் எடுத்தா அவனுக்கு 420. நாம நாலு இஸ்பேட்னு விழுந்து, டபுள் அடி வாங்கி, ரெண்டு பிடி குறைஞ்சா 300தான் போகும். 120 மிச்சம். மூணு பிடி குறைஞ்சா 500, அப்ப அசலுக்கே மோசம். இதைச் சொல்லிக்கொடுத்தப்ப வாத்தியாரை விட எனக்குச் சீக்கிரம் புரிஞ்சது. மல்லாட்டை விலை விழுந்த வருஷம், பிடுங்கற கூலிக்குக் கூட வராதுன்னு கொல்லையில மாட்டை விட்டு மேய்ச்சவன் நான். பெரிய நஷ்டத்துக்குச் சின்ன நஷ்டத்தை வாங்கறது விவசாயிக்குப் புதுசா?

இனி என் கணக்கு.

எங்கப்பா விட்டுட்டுப் போனது ரெண்டரை ஏக்கர். எனக்கும் தம்பிக்கும் ஆளுக்கு ஒண்ணேகால். தம்பி சென்னையில, அம்பத்தூர் பக்கம் ஒரு கம்பெனியில லேத் வேலை. அவன் பங்கையும் நான்தான் பயிர் வச்சேன். அறுவடைக்கு அரிசி மூட்டை போயிடும், மத்த கணக்கு வழக்கு பாத்தது கிடையாது.

2017 தொடக்கம். முந்தின மழையே பொய்த்துப்போய், அந்த ஜனவரியில தமிழ்நாட்டு மாவட்டம் எல்லாத்தையும் வறட்சி மாவட்டம்னு அரசாங்கம் அறிவிச்சது. என் கிணத்துல அடிப்பாறை தெரிஞ்சது. மாட்டுக்குத் தீனி வாங்கிப் போட்டுக்கிட்டு இருந்தேன். கூட்டுறவு பேங்க்குல நகை. அந்த நேரத்துல தம்பி போன் பண்ணான். பொண்ணுக்குக் காலேஜ் சேக்கணும், பணம் முடை.

"அண்ணா, என் பங்கை ஒருத்தன் கேக்கறான். வேலூர்க்காரன். குடுத்துடட்டுமா?"

எனக்கு உச்சியில ஏறிடுச்சு. அப்பா வெட்டின வரப்பு. நான் இத்தனை வருஷம் பாத்த மண்ணு. இவன் ஒரு போன்ல விக்கறேன்றானே. என்னை மிரட்டறான், நான் பணம் தரலைன்னு குத்திக் காட்டறான்னு நினைச்சுக்கிட்டேன்.

"உன் பங்கு, உன் இஷ்டம்"னு சொன்னேன்.

அவன் கொஞ்ச நேரம் பேசலை. "சரிண்ணா"ன்னு வச்சுட்டான். ரெண்டே மாசத்துல பத்திரம் ஆயிடுச்சு. வாங்கினவர் கல்லு நட்டு முள்ளுக்கம்பி போட்டாரு. என் கிணத்துல இருந்து அந்தப் பக்கம் போற வாய்க்கா கம்பியில முட்டி நிக்குது, இன்னும் அப்படியேதான் இருக்கு. அதுக்கப்புறம் நானும் தம்பியும் பேசிக்கறது நின்னுபோச்சு. நல்லது கெட்டதுக்கு அம்மா மூலமாத்தான் சேதி.

2020 காணும் பொங்கல் அன்னைக்கு அம்மாவைப் பாக்க வந்தான். குழந்தைங்க படவேடு கோயிலுக்குப் போயிருந்தாங்க. வீட்டுக்குள்ள ரெண்டு பேரும் எதிரெதிரா உக்காந்து பேச ஒண்ணுமில்லாம டிவியைப் பாத்துக்கிட்டு இருந்தோம். அப்ப சுபேதாரும் வாத்தியாரும் வந்துட்டாங்க. எங்க நாலாவது ஆள் தறிக்காரர் மாமியார் வீட்டுக்குப் போயிட்டாரு. ஆட்டத்துக்கு ஆள் குறையுது.

"தம்பி, உனக்கு பிரிட்ஜ் தெரியுமா?"ன்னு சுபேதார் சும்மா கேட்டு வச்சாரு.

"கம்பெனி கிளப்புல ஆடுவேன் சார்"னான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு. ரெண்டு பேரும் ஒரே ஆட்டத்தை, ஒருத்தருக்கொருத்தர் தெரியாம, வேற வேற ஊர்ல கத்துக்கிட்டு இருந்திருக்கோம். அம்மா விளக்குமாத்தை எடுக்கலை. ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்தா சரின்னு டீ போடப் போயிடுச்சு.

ஜோடி பிரிச்சதுல தம்பி எனக்கு எதிர்ல. எனக்கு இடப்பக்கம் வாத்தியார், வலப்பக்கம் சுபேதார்.

மூணாவது கையோ நாலாவது கையோ, வாத்தியார் "ஒரு ஆட்டின்"னாரு. தம்பி "டபுள்"னான். சுபேதார் பாஸ். என் கையில இஸ்பேட் பத்து, எட்டு, ஆறு, மூணு. ஆட்டின் ஏழு, அஞ்சு, ரெண்டு. டைமன் ஜாக்கி, ஆறு, நாலு. கிளாவர் ஒம்பது, ஏழு, மூணு. மொத்தப் பலம் ஒரு புள்ளி. அந்த ஒரு ஜாக்கி.

பாடம் எனக்குத் தெரியும். ஒரு வருஷத்துக்கு மேல சுபேதார் சொல்லிக்கொடுத்த பாடம். "ஒரு இஸ்பேட்"னு சொல்லணும், அவ்வளவுதான். வாய் வரலை. இந்தக் கையை வச்சுக்கிட்டு இவன் முன்னாடி ஒண்ணு சொல்லி, அது குப்புற விழுந்து, என்கிட்ட ஒண்ணுமில்லன்னு இவன் பாக்கறதாங்கற நினைப்பு. "பாஸ்"னு சொல்லிட்டேன்.

வாத்தியார் ஒம்பது பிடி எடுத்தாரு. ஏழு சொன்னவர் டபுள்ல ஒம்பது எடுத்தா 360. ஆட்டம் முடிஞ்சதும் தம்பி கையைப் பாத்தேன். இஸ்பேட்ல ஆஸ், ராஜா, ஜாக்கி, அஞ்சு. ஆட்டின் ஒரே ஒரு நாலு. டைமன் ராஜா, ராணியோட நாலு சீட்டு, கிளாவர் ராணியோட நாலு. பதினஞ்சு புள்ளி. இஸ்பேட் அவன்கிட்ட நாலு, என்கிட்ட நாலு. ரெண்டு இஸ்பேட் வரைக்கும் போயிருக்கலாம். ஒரு பிடி குறைஞ்சு தோத்திருந்தாக் கூட வெறும் 50.

சுபேதாருக்குக் கோவம். "என்னய்யா இது? உன் தம்பி உன்னைக் கேட்டான். நீ என்கிட்ட ஒண்ணுமில்லன்னு வாயை மூடிக்கிட்டே. உன்கிட்ட நாலு இஸ்பேட் இருந்துதே, அதைச் சொல்றதுக்கு என்ன? பலமா கேட்டான் அவன்? எது இருக்குன்னுதானே கேட்டான்?"

தம்பி சீட்டை அடுக்கிக்கிட்டே, தலையைத் தூக்காம சொன்னான். "அண்ணன் எப்பவுமே அப்படித்தான் சார். கேட்டா பதில் சொல்ல மாட்டாரு."

யாருக்கும் ஒண்ணும் புரியலை. எனக்குப் புரிஞ்சது.

ராத்திரி மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனப்ப கூடவே வந்தான். கம்பி வேலி ஓரமா நின்னோம். நானே ஆரம்பிச்சேன். "அன்னைக்கு நீ போன் பண்ணியே, விக்கறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தானே பண்ணே?"

"முடிவு பண்ணிருந்தா எதுக்குண்ணா உன்னைக் கேக்கறேன்? வேணாம்டா, நான் எடுத்துக்கறேன், வருஷத்துக்குக் கொஞ்சமா தரேன்னு சொல்லுவேன்னு பாத்தேன். இல்ல, அரை ஏக்கர் வித்துக்கோ, மிச்சத்தை வைன்னாவது சொல்லுவேன்னு பாத்தேன். நீ இஷ்டம்னுட்டே."

"என்கிட்ட அப்ப பத்தாயிரம் கூட இல்லடா."

"அதைச் சொல்லிருக்கலாம்ல?"

அவ்வளவுதான் பேச்சு. அதுக்கு மேல ரெண்டு பேருக்கும் வரலை. மாடு தண்ணி குடிச்சு முடிச்சதும் உள்ள வந்துட்டோம்.

அதுக்கப்புறம் எத்தனையோ தடவை கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். என்கிட்ட பணம் இல்ல, நிஜம். ஆனா வேற இருந்துது. வருஷா வருஷம் நெல்லு இருந்துது. பசு ரெண்டு இருந்துது. அவன் பொண்ணு பீஸுக்கு மட்டும் முதல் வருஷம் ஒரு பசுவை வித்துத் தரேன், நிலம் இருக்கட்டும்னு சொல்லிருக்கலாம். கீழ்ப்படியில ஒரு கேள்வி. அவன் கையில என்ன இருந்துதோ, அதோட இதைச் சேத்துப் பாத்திருப்போம். அப்பவும் நிலம் போயிருக்கலாம், யார் கண்டது? ஆனா அண்ணன் தம்பி மூணு வருஷம் பேசாம இருந்திருக்க மாட்டோம். கை காலியா இருந்த வருஷத்துல வாயை மூடிக்கிட்டதுக்கு விலை ஒண்ணேகால் ஏக்கர்.

தம்பி மேலயும் எனக்கு ஒரு வருத்தம் இருக்கு, மறைக்க மாட்டேன். அவன் கேட்ட மாதிரி கேட்டிருக்கலாம். "குடுத்துடட்டுமா"ன்னா எனக்கு அடிக்கிற டபுளாத்தான் காதுல விழுந்துது. ஜோடியா ஆடறவங்க ஆட்டத்துக்கு முன்னாடியே உக்காந்து எதுக்கு என்ன அர்த்தம்னு பேசி வச்சுக்கணும்பாரு சுபேதார். நாங்க ஒரே பாயில படுத்து வளர்ந்தோம், ஆனா எதையும் பேசி வச்சுக்கலை. கூடப் பொறந்தவனுக்குச் சொல்லாமலே புரியும்னு இருந்துட்டோம்.

இப்ப வரும்போதெல்லாம் ஆடறோம். இன்னும் சண்டை வருது. போன மாசம் அடிக்கிற டபுளை நான் கேக்குறதுன்னு நினைச்சு, நாலு ஆட்டின்ல மாட்டிருந்த வாத்தியாரை விட்டுட்டு அஞ்சு கிளாவருக்கு ஓடி, ஜெயிக்க வேண்டியதைத் தோத்தோம். பேசினாலும் தப்பு வரும். ஆனா அந்தத் தப்பைத் திட்டிக்கிட்டே டீ குடிக்கலாம்.

நேத்து சாயந்திரம் போன் வந்துது. "அண்ணா, அம்மாவைக் கொஞ்ச நாளு இங்க கூட்டினு வந்து வச்சுக்கட்டுமா?"

"உன் இஷ்டம்"னு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. முழுங்கிட்டேன்.

"மாடு ரெண்டும் அம்மா இல்லைன்னா என்கிட்ட சரியா பால் விடாதுடா. எனக்குக் கஷ்டம்தான். ஆனா அதுக்குக் கண் ஆஸ்பத்திரி அங்க பாக்கணும்னு இருக்கு. கூட்டினு போ. ஆடி வெள்ளிக்குப் படவேட்டுக்குப் போணும்னு கேக்கும், அதுக்குள்ள கொண்டாந்து விட்டுடு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்ல. அப்புறம் "சரிண்ணா, அதுக்கு முன்னாடியே கொண்டாந்துடறேன்"னான்.

அம்மா பக்கத்துல உக்காந்து மல்லாட்டை உரிச்சுக்கிட்டு இருந்தது. "இன்னாடா சொல்றான்?"னு கேட்டது. சொன்னேன். "என்னை யாரும் கேக்கலையே"ன்னுச்சு.

அது பாயிண்டுதான். அடுத்த கையில பாத்துக்கணும்.